பேபி கேரியரும் என் முதுகும்: பிரித்துத் தைத்த பத்து வாரங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்து ஊஞ்சல் கொக்கியில் கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். அதன் நூல் என் கணுக்கால் எலும்பை ஒட்டி விழும்படி பக்கவாட்டில் நின்றுகொண்டு, கணவரை அளவு எடுக்கச் சொன்னேன். குழந்தையை நெஞ்சோடு கட்டியிருந்த நிலையில் என் தோள்மூட்டு நூலுக்கு 3 செ.மீ. பின்னால் இருந்தது. பத்து வாரங்களுக்கு முன், கடையில் வாங்கிய பேபி கேரியரை அணிந்து இதே இடத்தில் நின்றபோது அது 8 செ.மீ. பின்னால் இருந்தது. குழந்தை இல்லாமல் வெறுமனே நின்றால் 1 செ.மீ. இதற்கிடையில் குழந்தையின் எடை 7.8 கிலோவிலிருந்து 8.6 கிலோவாக ஏறிவிட்டது. சுமை கூடியும் சாய்வு குறைந்தது எப்படி என்பதையும், அதற்கு முன் நான் வீணடித்த பஞ்சையும் நூலையும் வாரங்களையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

என் உயரம் 155 செ.மீ. ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே ரவிக்கை, சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன்; ஆகவே ஊசியும் நூலும் எனக்குப் புதியவை அல்ல, ஆனால் எடை தாங்கும் பொருள் எதையும் இதற்கு முன் தைத்ததில்லை. எங்கள் வீட்டில் கேரியர் என்றால் அதுவரை சாப்பாட்டுக் கேரியர்தான். மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது, கீழே விட்டால் அழுகை என்ற கட்டத்தில், 1,900 ரூபாய் கொடுத்து முன்பக்கம் கட்டும் கேரியர் ஒன்றை வாங்கினேன். இருபது நிமிடம் நின்றால் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் மிளகாய்த்தூள் பூசியது போல எரியும். முக்கால் மணி நேரம் ஆனால், இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டின் இரு பக்கமும் ஓடும் தசைகள் முறுக்கிய கயிறு போல இறுகிவிடும். இரவில் புரண்டு படுக்கவும் கையை ஊன்ற வேண்டியிருந்தது. அத்தை மூன்றே நாள் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, "இடுப்புல வெச்சாப் போதாதா கண்ணு, இத்தன வாரு எதுக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வலி தோளில் தொடங்கியதால் பிழையும் தோளில்தான் இருக்கும் என்று முடிவு செய்தது என் முதல் தவறு. 240 ரூபாய்க்கு 20 மி.மீ. ஸ்பாஞ்சு வாங்கி, இரு தோள்வார்களையும் பிரித்து, உள்ளே திணித்து மூடித் தைத்தேன். வார்கள் இட்லி போலப் பொங்கி நின்றன. அணிந்த முதல் ஐந்து நிமிடம் சுகமாகவும் இருந்தது. ஆனால் தடித்த வார் தோளின் வளைவில் படியாமல் வெளிப்புறமாகச் சரிந்தது. அது சரியாமலிருக்க நான் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறேன். மறுநாள் கழுத்திலிருந்து தோள் வரை விரியும் ட்ரபீசியஸ் தசை தொட்டாலே வலித்தது. மெத்தை வைத்தால் வார் தோலை அறுக்காது, அவ்வளவுதான்; தோளில் இறங்கும் எடையில் ஒரு கிராம்கூடக் குறையாது. இதை நான்கு நாள் கழித்துத்தான் உணர்ந்தேன்.

அடுத்து, நேராக இறங்கிய வார்களை முதுகில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாற்றினேன். வலது தோளின் வார் இடது விலாப்பக்கமும், இடது தோளின் வார் வலது விலாப்பக்கமும் வருமாறு கிளிப்புகளை இடம் மாற்றித் தைக்க ஒரு மாலை போதுமானதாக இருந்தது. தோள் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. வார் சரிவதும் நின்றது. ஆனால் கீழ்முதுகு வலி சற்றும் குறையவில்லை, கூடியது என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் மேசையில் படுக்க வைத்துப் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். மாறாக, குழந்தையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சாதாரணமாக நிற்கச் சொன்னார். என் கீழ்முதுகில் உள்ளங்கையை வைத்துவிட்டு, "நிக்கும்போதே இவ்வளவு இறுக்கமா இருக்கே மேடம், நடந்தா என்ன ஆகும்?" என்றார். முன்னால் தொங்கும் சுமை உடலை முன்னோக்கி இழுக்க, விழாமலிருக்க நான் மேலுடலைப் பின்னுக்குச் சாய்த்து, இடுப்பை முன்னுக்குத் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு என் வயிற்றின் நடுத்தசைகள் இரண்டு விரல் அகலம் விலகியிருந்ததால் முன்பக்கத்திலிருந்து தாங்குவாரும் இல்லை. வேலை முழுவதும் முதுகின் தலையில் விழுந்திருந்தது. கேரியரின் இடுப்புப் பட்டை தொப்புளுக்கு மேல் மென்மையான வயிற்றில் இருப்பதையும் அவர் காட்டினார். பட்டை எலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றை அழுத்தக் கூடாது என்பது அவர் சொன்ன முதல் விஷயம். குழந்தை உடலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது இரண்டாவது. கூடவே கைகால் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பயிற்சி உட்பட மூன்று பயிற்சிகளும் கொடுத்தார்; அவற்றை இன்றும் செய்கிறேன். ஆகவே வலி குறைந்ததன் பெருமை முழுவதையும் என் தையலுக்கு எழுதிக்கொள்ள முடியாது.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். பழைய கேரியரில் என் மார்புக்கும் குழந்தைக்கும் நடுவே கணவரின் முஷ்டி தாராளமாகப் போய் வந்தது, 5 செ.மீ. இடைவெளி. முதுகுத்தண்டின் நடுக்கோட்டிலிருந்து குழந்தையின் உடல் மையம் வரை, தோராயமாக 28 செ.மீ. முதுகுத்தண்டை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் அந்தக் கோட்டுக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தூரத்திலிருந்துதான் இழுக்கின்றன. தராசுக் கணக்குப் போட்டால், 7.8 கிலோவை 28 செ.மீ. தூரத்தில் தாங்கத் தசை சுமார் 44 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த இடைவெளியை மட்டும் ஒழித்து 23 செ.மீ. ஆக்கினால் 36 கிலோ போதும். மேலுடலைப் பின்னுக்குச் சாய்த்தால் இந்தச் சுமை குறையும் என்பதால்தான் நமக்குத் தெரியாமலே உடல் சாய்கிறது, ஆனால் அதற்கு விலையாகக் கீழ்முதுகின் வளைவு கூடி மூட்டுகள் நெரிகின்றன. ஐந்து செ.மீ. துணி வேலைக்கு எட்டு கிலோ லாபம் என்று தாளின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பழையதைத் திருத்துவதைக் கைவிட்டுப் புதிதாகத் தைக்க முடிவு செய்ததற்கு, குழந்தையின் கால்கள் இன்னொரு காரணம். பழைய கேரியரில் இரு கால்களுக்கும் நடுவே இருந்த துணியின் அகலம் வெறும் 14 செ.மீ.; கால்கள் நேராகக் கீழே தொங்கின. தொடைகள் முழங்கால் வரை தாங்கப்பட்டு, முழங்கால் புட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை உட்கார்ந்தது போல இருப்பதே வளரும் இடுப்பு மூட்டுக்கு நல்லது. என் முதுகுக்கும் அதில் லாபம் உண்டு: கால்கள் விரிந்து என் இடுப்பை இருபுறமும் கவ்வினால் குழந்தை தானாகவே என்னோடு ஒட்டிக்கொள்ளும். அத்தை சொன்ன இடுப்பு முறையில் கால்கள் இப்படித்தான் இருக்கின்றன. அதில் உள்ள குறை, எடை முழுவதும் ஒரு பக்கம் இறங்குவதும் ஒரு கை முடங்கிப் போவதும்தான்.

மகளை ஜமக்காளத்தில் தவளை போலப் படுக்க வைத்து ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து இன்னொன்று வரை அளந்தேன்: 34 செ.மீ. புட்டத்திலிருந்து கழுத்தின் அடிவரை 31. குழந்தையின் முதுகைத் தாங்கும் முதுகுத் துணியின் அடி அகலம் 34, மேல் அகலம் 28, உயரம் 40 என்று வைத்துக்கொண்டு செய்தித்தாளில் வெட்டினேன். உயரம் பத்துவரை அதிகமாக இருப்பது, தூங்கும்போது தலை பின்னால் சாயாமலிருக்க. மேல்விளிம்பு முகத்தை மூடாதபடியும், மோவாய் மார்பில் அழுந்தாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கு எப்போதும் என் கண்ணில் பட வேண்டும்.

இடுப்புப் பட்டைதான் மூன்று வாரங்களைத் தின்றது. முதல் பட்டையில் மீதமிருந்த ஸ்பாஞ்சையே வைத்தேன். பதினைந்தாவது நிமிடத்தில் அது சுருட்டிய பாயாக மடிந்து, வெறும் கயிறாகி, மெல்ல மெல்லத் தொப்புளுக்கு ஏறிவிட்டது. மடியாத பட்டையால்தான் எடையை இடுப்பெலும்பில் இறக்க முடியும் என்பது அப்போது விளங்கியது. இரண்டாவது பட்டைக்குச் செருப்புச் சாமான் கடையில் 6 மி.மீ. ஈ.வி.ஏ. ஷீட் (கெட்டியான நுரைத் தகடு) வாங்கினேன், அதன் இருபுறமும் பவானி ஜமக்காளத்தை வைத்து மூடினேன். தடித்த பருத்தி நூலில் நெய்த ஜமக்காளம் வளையும், ஆனால் கசங்காது. இந்த வேலைக்கென்றே நெய்தது போல இருந்தது. 12 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம், நேர் செவ்வகம். எடை நன்றாகவே இறங்கியது. ஆனால் பெண்ணின் இடுப்பு நேரான குழாய் அல்லவே! பட்டையின் மேல்விளிம்பு வயிற்றை அறுக்க, கீழ்விளிம்பு இடுப்பெலும்பிலிருந்து ஒரு விரல் விலகி நின்றது. உட்கார்ந்தால் தொடை அதைத் தூக்கி விலா வரை தள்ளியது.

மூன்றாவது முறை, பாவாடை நாடாப் பட்டியை வளைவாக வெட்டுவோமே, அந்த உத்திதான் கைகொடுத்தது. கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிட 4 செ.மீ. நீளமாக வருமாறு வளைத்து வெட்டி, முன் நடுவில் அகலத்தை 9 செ.மீ. ஆகக் குறைத்து, பக்கங்களில் 12 செ.மீ. ஆகவே விட்டேன். கைக்கட்டை விரலால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, பட்டையின் நடுக்கோடு அதன் மேல் வருமாறு கட்டியபோது, குழந்தையை வைக்கும் முன்பே வித்தியாசம் தெரிந்தது: பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாலும் அது இறங்கவில்லை.

அந்த மகிழ்ச்சி ஒரு துவைப்பு வரைதான் நீடித்தது. ஜமக்காளத்தின் சிவப்புக் கோடு சாயம் விட்டு, மேலே போட்டிருந்த வெளிர் டிரில் துணி முழுவதும் ரோஜா நிறமாகிவிட்டது. குழந்தை எதையும் வாயில் வைத்துச் சப்பும் பருவத்தில் இதை விட்டுவைக்க முடியாது. மூன்று மணி நேரம் தையலைப் பிரித்தேன். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். என் ஜமக்காளத்தில் நிற்கவில்லை. ஏழு முறை வெந்நீரில் அலசி, தண்ணீர் தெளிந்த பிறகே மறுபடி தைத்தேன். வெட்டுவதற்கு முன் இரண்டு முறை துவைத்துக் காயவைக்க வேண்டும் என்பதை வாடிக்கையாளர்களுக்கு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். என் வீட்டுத் துணி என்றதும் மறந்துவிட்டேன்.

முதுகுத் துணிக்கு, பள்ளிச் சீருடைக்கு எடுக்கும் டிரில் இரண்டு அடுக்கு. முதலில் கேன்வாஸில் வெட்டிப் பார்த்தேன். அதன் விளிம்பு குழந்தையின் தொடையில் சிவந்த கோடு போட்டது. டிரிலின் சாய்நெசவு குறுக்குவாட்டில் கொஞ்சம் இளகும் என்பதால் முதுகின் உருண்டைக்குப் படிந்தது. அப்படியும் தட்டையான துணியில் குழந்தை நேராகச் சரிந்து இறங்கியது. அடிமூலைகள் இரண்டிலும் 2.5 செ.மீ. ஆழத்துக்கு டார்ட் (துணியை மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடித்ததும் துணி கிண்ணம் போலக் குழிந்தது. புட்டம் அதற்குள் இறங்க, முழங்கால்கள் தாமாக மேலே வந்தன. ரவிக்கைக்குப் பிடிக்கும் அதே டார்ட்தான்.

தோள்வாரின் கீழ்முனை எங்கே சேர வேண்டும் என்பதிலும் பாடம் இருந்தது. பழைய கேரியரில் அது இடுப்புப் பட்டையிலேயே சேர்ந்திருந்ததால், எவ்வளவு இழுத்தாலும் பட்டைதான் மேலே ஏறியதே தவிர குழந்தை நெருங்கி வரவில்லை. புதியதில் பட்டைக்கு 10 செ.மீ. மேலே, முதுகுத் துணியின் பக்க விளிம்பில் கிளிப்பை வைத்தேன். இப்போது வாரை இழுத்தால் குழந்தையின் முதுகே என்னை நோக்கி வருகிறது. முஷ்டி போன இடத்தில் இப்போது உள்ளங்கை தட்டையாக நுழைவதே கஷ்டம்.

இனி தையல். தோள்வார்களுக்கு 25 மி.மீ. நாடா, பட்டைக்கு 50 மி.மீ. நாடா, முனைகளை மெழுகுவத்தியில் காட்டிப் பிசிறை உருக்கி அடைத்தேன். என் வீட்டு மிஷினில் 16ஆம் நம்பர் ஊசி நான்கு அடுக்கைத் தாண்டும்போது 'டக்' என்று முறிந்து, முனை எங்கே போனது என்று அரை மணி நேரம் காந்தத்தோடு தேடினேன். குழந்தைக்கான பொருளில் ஊசிமுனை தங்கிவிடக் கூடாது என்பதால் கிடைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. பட்டையின் மடிப்புக்குள் இருந்தது. பிறகு தெரிந்த தையல் யூனிட் ஒன்றில் 200 ரூபாய் கொடுத்து, பவர் மிஷினில் 18ஆம் நம்பர் ஊசியும் தடித்த பாலியஸ்டர் நூலும் போட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் பெட்டியும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்து, இரு முனையிலும் பார்டாக் எனும் நெருக்கமான பூட்டுத் தையல் அடித்தேன்.

குழந்தைக்கு முன் அரிசி. அதே ஊஞ்சல் கொக்கியில் தோள்வார்களை மாட்டி, 25 கிலோ அரிசி மூட்டையை முதுகுத் துணிக்குள் வைத்துக் கட்டி, அசைத்து ஆட்டிவிட்டு மூன்று மணி நேரம் விட்டேன். இரண்டாவது மணியில் இடது வார் சேர்ந்த இடத்தில் துணி கிழிந்தது. நூல் அறவில்லை, ஒற்றை அடுக்கு டிரில்தான் தையல் வரிசையோடு தபால்தலை போலக் கிழிந்திருந்தது. வாரின் முனையை 8 செ.மீ. உள்ளே விட்டு, இரண்டு அடுக்குக்கும் நடுவில் வைத்து, மேலும் ஒரு டிரில் துண்டைப் பின்புறம் கொடுத்துத் தைத்த பிறகு ஓர் இரவு முழுவதும் தொங்கியும் ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் இது வீட்டுச் சோதனைதான். துணிக் கேரியர்களுக்கான அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். எஃப்2236 போன்ற தர அளவுகோல்களில் நிலைச்சுமை, அசையும் சுமை, கால் நுழையும் வழி என்று தனித்தனிச் சோதனைகள் உண்டு. என்னுடையது அவற்றுக்கு உட்பட்டதல்ல. அதனால் தினமும் அணியும் முன் தையல்களை விரலால் தடவிப் பார்க்கிறேன், பிறருக்குத் தைத்துத் தரக் கேட்டவர்களிடம் மறுத்துவிட்டேன்.

பயண மூட்டைகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் சிறு தராசை வாருக்கும் கிளிப்புக்கும் நடுவில் மாட்டி இரண்டு கேரியர்களையும் ஒப்பிட்டேன். குழந்தையின் உச்சந்தலை என் மோவாய்க்கு நேராக வரும் வரை மட்டும் இழுத்ததில், பழையதில் ஒரு வாருக்கு 3.1 கிலோ, புதியதில் 1.8. வார் தோளில் உரசுவதால் இதை உண்மையான எடையாகக் கொள்ள முடியாது, ஒப்பிட மட்டும் உதவும். அணியும் ஒழுங்கும் முக்கியம்: முதலில் பட்டையை எலும்பில் இறுக்கி, பிறகு குழந்தையை உட்கார வைத்து, ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கியபடி வார்களை மாட்டி, கடைசியில் கிண்ணத்துக்குள் புட்டத்தைச் சரிசெய்கிறேன். வாரை முதலில் இழுத்தால் எடை தோளிலேயே தங்கிவிடுகிறது. கீழே கிடப்பதை எடுக்க இடுப்பிலிருந்து குனிவதில்லை, முழங்காலை மடக்குகிறேன்.

இப்போது ஒரு மணி நேரம் பத்து நிமிடம் வரை அணிய முடிகிறது. அதன் பிறகு கீழ்முதுகில் லேசாக அசதி தோன்றும், எரிச்சல் இல்லை. கணவர் 176 செ.மீ. உயரம், அவர் அணிந்தால் வார்களின் நீளம் போதவில்லை, கிளிப் விலாவுக்குப் பின்னால் போய்விடுகிறது. 3 மீட்டர் நாடாவில் கஞ்சத்தனம் பார்த்ததன் பலன்.

டிரில் ஒன்றரை மீட்டர் 270, சிறிய ஜமக்காளம் 350, ஈ.வி.ஏ. ஷீட் 120, இரண்டு நாடாக்களும் 76, மூன்று கிளிப்புகள் 130, நூல்கண்டு 90, யூனிட்டுக்கு 200. மொத்தம் 1,236 ரூபாய். வீணான ஸ்பாஞ்சைச் சேர்த்தால் 1,476. வீட்டில் கிடந்த கேன்வாஸையும், மருத்துவருக்குக் கொடுத்ததையும், கடையில் வாங்கிய கேரியரின் விலையையும் சேர்க்கவில்லை.

மறுபடி தைத்தால், அடி அகலத்தை நாடா கோத்துச் சுருக்கி விரிக்கும்படி வைப்பேன். மகளின் தொடை இந்த இரண்டு மாதத்திலேயே ஒன்றரை செ.மீ. நீண்டுவிட்டது. வாரின் மேல்பகுதியில் அவள் சப்பும் இடத்துக்குக் கழற்றித் துவைக்கும் உறை வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் வெக்கை: இரண்டு அடுக்கு டிரிலும் என் உடல் சூடும் சேர்ந்து அவள் முதுகு நனைந்துவிடுகிறது. நடுவில் 15 செ.மீ. அகலத்துக்கு வலைத்துணி வைத்தால் காற்று போகும், ஆனால் எடை தாங்கும் துணி அங்கே ஒற்றை அடுக்காகிவிடும். வலைத்துணி 40 செ.மீ. வாங்கி வைத்திருக்கிறேன், அரிசி மூட்டையில் சோதித்துப் பார்க்கும் வரை கத்தரிக்கோல் வைப்பதில்லை.